ஏழாவது குறிப்பு

...ஆறு குறிப்புகள் எழுதியாயிற்று, ஏழாவதை எழுதாமல் விட்டுவிட்டால் என்ன, ஆறே போதும் என்று தாளை மடித்துக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, ஆனால் ஏழாவது இல்லாமல் மற்ற ஆறும் வீண், அது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே கொடுத்தால் அதற்கு என்ன பெயர்... மணி மூன்றே முக்கால். நஸீமா ஆறு மணிக்கு மேல் வந்துவிடுவாள். பக்கத்து வீடு, நடுவில் மார்பளவுச் சுவர் ஒன்றுதான். நோன்புக் கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு வந்து பூனைக்குட்டியை வாங்கிக்கொள்கிறேன் என்று மதியம் அந்தப் பக்கம் நின்று சொன்னாள். "தானாத் திங்கின்னு சொல்லுதியள்லா சார், அது போதும். மூணு மணிக்கொருக்கா பில்லர்ல பால் ஊத்துத சோலிதான் எனக்கு ஒத்து வராது. பெருநாள் துணி குமிஞ்சு கெடக்கு, மிஷின்ல உக்காந்தா எந்திரிக்க முடியாது." தானாகத் தின்கிறது என்று நான்தான் சொன்னேன். அதில் பொய் இல்லை, இன்று காலை பத்து மணிக்கு அது தானாகத் தின்றது, என் கண்ணால் பார்த்தேன். எதன்மேல் வைத்தபோது தின்றது என்பதைத்தான் சொல்லவில்லை.

தாளின் வலது மூலையில் பாளையங்கோட்டை, அதன் கீழே தேதி, இடது பக்கம் 'அன்புள்ள நஸீமாவுக்கு'. அம்பாசமுத்திரத்தில் ஆறாம் வகுப்பில் கடிதம் எழுதப் பழகியதிலிருந்து இந்த வரிசை மாறியதில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கு எழுதினாலும் மாறாது. ஒன்று, மாட்டுப்பால் கூடாது, வயிற்றால் போகும். இரண்டு, கால்நடை டாக்டர் எழுதிக்கொடுத்த பால்மாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, முள் எடுத்த மீனை அதில் பிசைந்து கூழாகக் கொடுக்க வேண்டும், நாள் போகப் போகப் பாலைக் குறைத்து மீனைக் கூட்ட வேண்டும். மூன்று, தின்னக் கொடுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே பில்லரை அதன் கண்ணில் படாமல் ஒளித்துவிட வேண்டும். நான்காவதாக ஈரப் பஞ்சால் பின்பக்கம் ஒத்தி எடுப்பதை எழுதிவிட்டு, அது இப்போது தேவையில்லையே, வளர்ந்துவிட்டதே என்று அடித்தேன். முதல் மூன்று வாரம் அதையும் செய்தேன், பொதுப்பணித் துறையில் முப்பத்தாறு வருஷம் கோப்பு எழுதிய கை, அறுபத்து மூன்று வயதில் ஒரு பூனைக்குட்டியை ஒன்றுக்குப் போகவைக்கப் பஞ்சும் வெந்நீருமாகக் காத்திருந்தது. தாய்ப்பூனை அதை நாக்கால் செய்துவிடும் என்று டாக்டர் சொன்னார், தாய்ப்பூனை எங்கே என்று அவர் கேட்கவில்லை, நான் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்... சரி, நான்கு என்று போட்டு, ராத்திரி கூடையில் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி வைக்கவும் என்று எழுதினேன். ஐந்து, ஆறு அதேபோலச் சின்ன விஷயங்கள். ஏழு என்று எண் போட்டு ஒரு புள்ளியும் வைத்தாயிற்று. அந்தப் புள்ளிக்குப் பிறகுதான் முக்கால் மணி நேரமாகப் பேனா நகரவில்லை.

தட்டில் தின்னாது. ஒன்பது நாள் பார்த்தாயிற்று. எவர்சில்வர் தட்டு, காபி சாஸர், சிரட்டை, வாழையிலைத் துண்டு, ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி, கடைசியில் என் உள்ளங்கை, எதில் வைத்தாலும் குனிந்து முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு என் சட்டைப்பையைப் பார்க்கும். பில்லர் அங்கேதான் இருக்கிறது என்று அதற்குத் தெரியும், பேனாவுக்கு மை ஊற்றுகிற பில்லர், வெந்நீரில் ஏழு முறை கழுவியது. பல் வந்துவிட்டது, இனியும் பாலே கதி என்று இருந்தால் கால் வலுக்காது என்றார் டாக்டர். கடிதம் நிறுக்க வைத்திருந்த சின்னத் தராசில் தினமும் வைத்துப் பார்த்தேன், நானூற்றுப் பத்து கிராம், மறுநாளும் நானூற்றுப் பத்து, அதற்கு மறுநாள் நானூற்று ஐந்து. மொபெட்டில் மீன் கொண்டுவருகிறவரிடம் நாலு சாளை கேட்டேன், அவர் கேட்காமலே, "பூனைக்கு" என்றும் சொன்னேன். "லெந்து வந்துட்டா இந்தத் தெருவுல வேதக்கார வீட்டுலெல்லாம் பூனை வளக்காவ அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மனுஷன் சிரிக்காமல் மீனைப் பொதிந்து கொடுத்தார். இந்த வருஷம் லெந்து என்கிற எங்கள் தவக்காலமும் ரம்ஜான் நோன்பும் ஒரே வாரத்தில் தொடங்கின, சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பகலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறாள், இந்தப் பக்கம் நான் நாற்பது நாள் கவிச்சி தொடுவதில்லை என்று சாம்பல் புதன் அன்று கோயிலில் நெற்றியைக் காட்டி நின்றேன். சாளையின் பொடி முள்ளை விரலால் எடுத்து மாளவில்லை, வாயில் போட்டு மென்று முள்ளை நாக்கால் ஒதுக்கித் துப்பிவிட்டுக் கூழை அதன் உதட்டில் தடவலாம் என்று செய்தேன், இரண்டு நாள் ஒழுங்காகத்தான் செய்தேன், மூன்றாம் நாள் மென்றதில் பாதி தொண்டையில் இறங்கிவிட்டது. தானாக இறங்கியதா... இல்லை, நான்தான் இறக்கினேன், அந்த எண்ணெய் ருசி நாக்கில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன், கண்ணைத் திறந்தபோது குட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று பூராவும் வெட்கமாக இருந்தது, ஜெபிக்கும்போது அதையே முதலில் சொன்னேன், சொல்லச் சொல்ல ஒரு ஆறுதல், என்ன ஆறுதல் என்றால், சொல்லுவதற்கு இப்படி ஒன்று கிடைத்ததே என்பதுதான்...

காலையில் அடுக்களைத் தரையில் பாக்கியவதியின் கடிதங்களைப் பரப்பி வைத்திருந்தேன். பாக்கியவதி என் மனைவி, மகள் டார்லினின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கோயம்புத்தூருக்குப் போய் இரண்டு மாதமாகிறது, சனிக்கிழமை வருகிறாள். அவளுக்கு வீசிங், பூனை முடி ஆகாது, அதனால்தான் குட்டி அதற்குள் நஸீமா வீட்டுக்குப் போயாக வேண்டும். கல்யாணமான புதிதில் நான் மணிமுத்தாறு பிரிவு அலுவலகத்தில் இருந்தேன், அவள் இங்கே பள்ளிக்கூடத்தில் வேலையாக இருந்தாள், வாரம் தவறாமல் ஒரு நீல இன்லேண்டு வரும். வருஷவாரியாக நூல் கட்டி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் குளியலறைக்கு மேலே பரணில் வைத்திருந்தேன். பிப்ரவரியில் அந்தப் பெட்டி நாசமாயிற்று, மேல்கட்டுகளில் மூத்திரக் கறையும் வேறு கறைகளும் படிந்துவிட்டன. மொட்டைமாடியில் காயப்போட்டு எடுத்தேன், வாடை போகவில்லை. ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளில் என் கையால் நகலெடுத்துவிட்டு, அவள் வருவதற்குள் எரித்துவிடலாம் என்று தினமும் இரண்டாக எழுதிவருகிறேன். இன்று எழுதியதில் ஒரு வரி வந்தது, 'உங்களுக்குக் கோபம் வந்தால் பேசாமல் இருந்துவிடுகிறீர்கள், நீங்கள் திட்டினாலே தேவலை என்று இருக்கிறது.' அதை எழுதிக்கொண்டிருக்கும்போது கிண்ணம் தட்டிப்போய் மீன்கூழ் ஒரு நீலத் தாளின்மேல் கொட்டியது. குட்டி வந்தது. முகர்ந்தது. மீனை இல்லை, தாளை. தாளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முகர்ந்துவிட்டு, முன்னங்கால் இரண்டையும் அதன்மேல் வைத்து மாற்றி மாற்றி மிதித்தது, பால் குடிக்கும்போது மட்டும் மிதிக்கிற மிதி அது. பிறகு குனிந்து தின்ன ஆரம்பித்தது. தாளில் எழுத்து கலங்கிப்போகும்வரை நக்கியது.

இதை எப்படி எழுதுவது. 'ஏழு, பழைய கடிதத்தின்மேல் வைத்தால்தான் தின்னும்.' எழுதிவிடலாம், ஒரு வரிதான். ஏன் சார் என்று கேட்பாளே. நஸீமா எதையும் கேட்காமல் விடுகிறவள் இல்லை. பெரிய கோயிலுக்குப் பின்னால் சாக்கடை ஓரம் கிடந்த குட்டி என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், தெருவில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். சாக்கடை ஓரம் கிடந்த குட்டிக்கு என் வீட்டுப் பரணில் இருந்த கடிதத்தின் வாடை எப்படிப் பசியைத் தூண்டும். ஏனென்றால் அது அந்தக் கடிதங்களின்மேல்தான் பிறந்தது. கண் திறக்காத நாளில் அதற்குத் தெரிந்த உலகமே அந்த அட்டைப்பெட்டிதான், அந்தத் தாளும் அதன்மேல் படுத்திருந்த தாயின் வயிறும். தாய் யார் என்றால் செவத்தி.

செவத்தி நஸீமாவின் பூனை, வளர்த்த பூனை என்று சொல்ல முடியாது, சுவர்மேல் வந்து உட்காருகிற பூனை, செம்பட்டை நிறம், இவள் கையால் வைத்தால்தான் நின்று தின்னும், இவள் குரல் கேட்டால்தான் வரும். தினமும் மாலையில் ஒரு மீன்தலையைச் சுவர்மேல் வைத்து "செவத்தீ... ஏ செவத்தீ..." என்று கூப்பிடுவாள், எங்கிருந்தாலும் வாலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். ஐந்து வாரமாக வரவில்லை. இப்போதும் கூப்பிடுகிறாள், பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால், தான் ஒரு சொட்டுத் தண்ணீர் வாயில் விடுவதற்கு முன்னால், அதற்கு வைத்துவிட்டுத்தான் போகிறாள். "வயித்துப்புள்ளைக்காரில்லா சார், எங்கயோ குட்டி போட்டு மறைச்சு வச்சிருக்கா. குட்டி கண்ணு முழிச்சதும் ஒவ்வொண்ணா கவ்விக்கிட்டு இங்கனதான் கொண்டாருவா பாருங்க." பிறகு என் கையில் குட்டியைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் கூர்ந்து பார்த்தாள். "செவத்தி குட்டியா இருக்குமோ?" நான் என்ன சொன்னேன்... "அவ செவப்பு, இது சாம்பல்லாம்மா. கோயிலுக்குப் பின்னால கெடந்துச்சு." அவ்வளவு வேகமாக எந்தக் கேள்விக்கும் நான் பதில் சொன்னதில்லை. அவளும் நம்பிவிட்டாள், சார் சொன்னால் சரியாக இருக்கும். போன வாரம் வீட்டுக் கூடுகையில் உபதேசியார் கிங்ஸ்டன் என் பேரைச் சொல்லியே ஜெபித்தார், வாயில்லாச் சீவனுக்கு இரங்கின கிருபைராஜ் ஐயாவுக்காக உமக்கு ஸ்தோத்திரம் என்று, எல்லோரும் ஆமென் சொன்னார்கள், என் வாயும் சொன்னது. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், அதற்குப் பிறகு காபி கொடுத்தபோது இரண்டு பேர் குட்டியைப் பற்றிக் கேட்டார்களே, அவர்களுக்குப் பில்லர் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது யார்.

நாலே கால். இன்னொரு தடவை பார்த்துவிடலாம், காலையில் தின்றது தற்செயலாக இருக்கலாம், கடிதம் ஒரு காரணமே இல்லாமல் இருக்கலாம், அப்படி இருந்தால் ஏழாவது குறிப்பே வேண்டாம். கூழைப் பிசைந்து, கூடையிலிருந்து குட்டியை எடுத்துத் தரையில் விட்டேன், வால் நடுங்க நின்றது. தட்டில் வைத்தேன், முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நியூஸ் பேப்பரில் வைத்தேன், அதன்மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்து வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை, பசியில் சத்தம் வராத மாதிரி ஒரு கத்தல் அதற்கு உண்டு. புது வெள்ளைத் தாளில் வைத்தேன், நான் நகலெடுத்த கடிதம் ஒன்றின்மேல்கூட வைத்துப் பார்த்தேன், அதே வார்த்தைகள்தான், பாக்கியவதியின் வார்த்தைகள், என் கையெழுத்தில். தொடவில்லை. கடைசியில் பெட்டியின் அடிக்கட்டிலிருந்து ஒரு நீலத் தாளை எடுத்து விரித்தேன். ஓடி வந்தது, ஓடத் தெரியாமல் பக்கவாட்டில் சரிந்து சரிந்து ஓடி வந்து மிதித்தது, தின்றது, தின்னும்போது தொண்டையில் ஒரு சின்ன உறுமல். இந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது என்பதுபோல. நான் பிடுங்கிவிடுவேன் என்று நினைக்கிறதா... நினைக்கட்டும், அதற்கு நியாயம் இருக்கிறது.

அன்று செய்ததற்குக் கோபம்தான் காரணம் என்று சொல்லலாம். பிப்ரவரியில் அந்தச் செவ்வாய்க்கிழமை பரணிலிருந்து ஒரு பெட்டியை நகர்த்தச் சொல்லி பாக்கியவதி போனில் சொன்னாள், ஏறிப் பார்த்தால் கடிதக் கட்டு ஈரமாகிக் கிடக்கிறது, மூக்கைத் துளைக்கிற வாடை, செவத்தி பெட்டியிலிருந்து குதித்துச் சன்னல் வழியாக ஓடுகிறாள். மேல்கட்டைத் தூக்கியதோடு சரி, பெட்டியின் உள்மூலையை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்... பார்க்கவில்லை. கருவாட்டுத் துண்டு வைத்துச் சாக்கில் பிடித்தேன், வாயைச் சணலால் கட்டினேன், தெருமுனை ஸ்டாண்டிலிருந்து மகாராஜாவின் ஆட்டோவை முன்பே கூப்பிட்டிருந்தேன். "சாக்குல என்ன சார்?" என்றான். "பழைய துணி." கொஞ்ச தூரம் போனதும் சாக்கு கத்தியது. "துணி கத்துதே சார்" என்றான், கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே. ஆற்றைத் தாண்டிவிட்டால் பூனைக்கு வழி தெரியாது என்பார்கள், அதற்காகத்தான் பாலத்துக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னேன். பாலம் முடிகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, "மூணு சுத்துச் சுத்துங்க சார், அப்பந்தான் தெசை மறக்கும்" என்றான். இறங்கி நின்று சுற்றினேன். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்ட மனுஷன், பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்க, தாமிரபரணிப் பாலத்து ஓரத்தில் நின்று ஒரு சாக்கை மூன்று தடவை சுற்றினேன். டவுனில் மீன் விற்கிற இடத்துக்குப் பின்பக்கம் அவிழ்த்துவிட்டேன், தின்னக் கிடைக்கட்டும் என்று யோசித்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன், எனக்கு எதையும் யோசித்துச் செய்துதான் பழக்கம். இப்போதும் ஸ்டாண்டைக் கடந்து போனால் மகாராஜா, "வேற துணி ஏதும் கெடக்கா சார்?" என்கிறான். நான் சிரித்துவைக்கிறேன், அவன் யாரிடமாவது சொல்லிவிடுவானோ என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடவே சிரிக்கிறேன்.

அதுவும் முழுக்கச் சரியில்லை. கோபம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். சாக்குக்குள் தள்ளும்போது அவள் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினேன், அப்போது மணிக்கட்டில் ஏதோ வெதுவெதுப்பாக நனைத்தது. மூத்திரம் என்று நினைத்துக் கைக்குட்டையால் துடைத்தேன். மூத்திரம் இல்லை, வெள்ளையாக இருந்தது, கைக்குட்டையில் பார்த்தேன், பார்த்துவிட்டு நாலாக மடித்துப் பையில் வைத்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரி என்று நஸீமா அதற்கு முந்தின வாரமே சொல்லியிருந்தாள். வயிறு ஒட்டியிருந்ததை என் கை பார்த்தது. கைக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, ஆட்டோ வாசலில் நின்றது, ஆட்டோ நிற்கிறதே என்று நினைத்தேன், அவ்வளவுதான், அவ்வளவு சின்னக் காரணம். வியாழக்கிழமை விடிகாலையில் பரணிலிருந்து ஊசி மாதிரி ஒரு சத்தம் கேட்டு ஏறினேன். மூன்று குட்டிகள், பெட்டியின் மூலையில், கடிதங்களைப் பறித்துக் குழி செய்த இடத்தில். ஒன்று விறைத்திருந்தது. அப்போதே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை, தனியாகவே ஆட்டோ இல்லாமல் பஸ் பிடித்து டவுனுக்குப் போனேன். செவத்தி அங்கேதான் இருந்தாள். ஒரு தள்ளுவண்டிக்கு அடியில், முலை கல்லாகக் கட்டிப்போய், நக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடினாள். கருவாட்டைக் காட்டினேன், செவத்தீ என்று நஸீமா மாதிரியே இழுத்துக் கூப்பிட்டேன், மீன் அறுக்கிற ஒருவர் நிமிர்ந்து பார்த்தார், இரண்டாம் தடவை கூப்பிடக் கூச்சமாகிவிட்டது. நஸீமா கூப்பிட்டால் வருவாள். ஒரே ஒரு குரல். வீட்டுக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வர ஒன்றரை மணி நேரம் ஆகும், சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைச் சொல்வதற்குப் பதிலாக, திரும்பும் வழியில் ஒரு பில்லர் வாங்கினேன். இரண்டாவது குட்டி அன்று சாயங்காலம் செத்தது. இரண்டையும் சுவரோரம் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் புதைத்தேன், அதன்பிறகு நஸீமா கறிவேப்பிலை கேட்டால், நீ எட்டிப் பறிக்க வேண்டாம் என்று நானே பறித்துக் கொடுக்கிறேன். எவ்வளவு மரியாதை சார் உங்களுக்கு என்கிறாள்.

ஆறே கால் ஆகிவிட்டது. ஏழாவது குறிப்பில், 'பழைய கடிதத்தின்மேல் வைக்கவும், தட்டில் தின்னாது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு மடித்தேன். எழுதாவிட்டால் குட்டி பட்டினி கிடக்கும், அதனால்தான் எழுதினேன், வேறு காரணம் இல்லை. "சார்..." சுவருக்கு மேலே முக்காடு தெரிந்தது, காய்ந்த உதடும் களைத்த கண்ணுமாக. "என்ன, பொண்ணைக் கட்டிக்குடுக்குத மாதிரி மூஞ்சி வச்சிருக்கியள." தாளை வாங்கிப் பிரித்துப் பார்த்துச் சிரித்தாள். "இடமும் தேதியும் போட்டுல்லா எழுதிருக்கிய. எங்க வீட்டுக்காரரு வெளிநாட்டுல, தம்மாம்ல இருந்து பதினோரு வருசத்துல எனக்கு இம்புட்டு எழுதுனதில்ல." குட்டியைக் கூடையோடு சுவர்மேல் வைத்தேன். இப்போது சொல்லிவிட வேண்டும். "நஸீமா, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." "சொல்லுங்க." "லெந்துல மீன் தின்னுட்டேன்ம்மா. குட்டிக்கு மென்னு குடுக்கும்போது." அவளுக்குச் சிரிப்பு வந்தது, நோன்பில் சத்தமாகச் சிரிக்கக்கூடாது என்பதுபோல முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதுக்கா சார். ஹனீன் கைப்புள்ளையா இருக்கையில நோன்பு வச்சிக்கிட்டே நான் மென்னு குடுத்துருக்கேன். புள்ளைக்குன்னா குத்தமில்ல, தொண்டையில எறங்காமப் பாத்துக்கிடணும், அம்புட்டுத்தான்." "எறங்கிட்டு." "எம்புட்டு?" "பாதி." "அப்பொ அது குட்டிக்கு இல்ல சார், ஒங்களுக்கு" என்றாள், விளையாட்டாகத்தான். எனக்கு நெஞ்சு லேசானது, அந்த லேசுதான் அருவருப்பாக இருந்தது, இவ்வளவு சுலபமாக ஒரு மன்னிப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறவன் நான்.

"ஏழாவது என்ன, பழைய கடுதாசியில வைக்கணுமா? நியூஸ் பேப்பர் போதும்லா?" "அதுல திங்காது." "இதென்ன கிறுக்கு. எந்தக் கடுதாசி?" உள்ளே போய் நாலு நீலத் தாள்களை எடுத்துவந்து கொடுத்தேன். "அக்கா எழுத்துல்லா இது" என்று வெளிச்சத்துக்குத் திருப்பினாள். படிக்கவில்லை, மடித்துவிட்டாள், பிறகு எதையோ பார்த்து மறுபடியும் பிரித்தாள். கறை படிந்து காய்ந்த இடத்தில் ஒட்டியிருந்த ஒரு முடியை நகத்தால் உரித்து எடுத்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மேற்கே காட்டினாள், செம்பட்டை முடி, வெயில் பட்டுச் செம்புக்கம்பி மாதிரி நின்றது. கூடையைப் பார்த்தாள். "குட்டி சாம்பல்லா சார்" என்றாள், மெதுவாக. கேள்வி மாதிரி இல்லை. என்னிடம் எல்லாம் இருந்தது, இடம், தேதி, கிழமை, மணி, எந்தப் பாலம், எந்தத் தள்ளுவண்டி, வாயைத் திறந்தால் சொல்வதற்கு முதல் வார்த்தை மட்டும் இல்லை. "பாங்கு சொல்லப் போறாவ" என்றாள், முடியைத் தாளுக்குள் வைத்து மடித்துக்கொண்டே. "நோன்பு தொறந்துட்டு வாறேன். எங்கயும் போயிராதிய, இங்கனயே நில்லுங்க."

நிற்கிறேன். கூடையும் நாலு தாளும் போய்விட்டன, சட்டைப்பையில் பில்லர் இருக்கிறது, இனி அதில் மையே ஊற்றலாம். வெளிச்சம் குறைகிறது, கறிவேப்பிலைச் செடிமேல் கொசு சுற்றுகிறது, அந்தப் பக்கம் கிண்ணங்கள் வைக்கிற சத்தம், அவள் மகள் ஹனீன் ஏதோ கேட்கிறாள். மீன்தலை சுவருக்கு வரவில்லை. இந்நேரம் கூப்பிட்டிருப்பாள், ஐந்து வாரத்தில் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை, செவத்தீ என்று அந்த இழுப்பு வரும் வரும் என்று காதைக் கொடுத்துக்கொண்டே நிற்கிறேன், பாங்கும் சொல்லி முடித்துவிட்டார்கள், கூப்பிடவில்லை. டவுனுக்குப் போக இப்போது புறப்பட்டாலும் ஏழரைக்குள் போய்விடலாம், ஐந்து வாரம் கழித்து செவத்தி அங்கே இருப்பாளா, இருந்தால் நஸீமாவின் குரலுக்கு இன்னும் வருவாளா... அந்தப் பெட்டியில் கறை பட்டது மேலே இருந்த கட்டுகள் மட்டும்தான். அடிக்கட்டுகளில் வாடை ஏறியிருக்கிறது, ஆனால் முடியோ கறையோ இல்லை, தாள் சுத்தமாக இருக்கும், குட்டிக்கு அந்த வாடையே போதும், நாலே காலுக்கு அது தின்றது அடிக்கட்டுத் தாளில்தான். நஸீமாவுக்குக் கொடுக்க உள்ளே போனபோது பெட்டிக்குள் என் கை அடியில்தான் போயிற்று, நாலு சுத்தமான தாளைப் பிடித்தும்விட்டது. பிறகு ஏன் அவற்றை வைத்துவிட்டு மேலே இருந்ததை எடுத்தது.